ஆறு அறைத் துப்பாக்கி ஒரே ஒரு முறை வெடித்தது குறித்து

என் பெயர் வெர்லின் ஹோக்லண்ட். வயது 61. மொண்டானா மாநிலம், கோல்டர் ஊர், ரயிலடித் தெரு, 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். அதே வீட்டின் முன்பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் துப்பாக்கி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்து வருகிறேன். ராய்ஸ் டெல்லிங்கர் (54), அவர் மனைவி ஆர்டிஸ், பக்கத்து வயல்காரர் லைல் புருகார்ட் (58) ஆகியோரை எனக்குத் தெரியும். ராய்ஸும் லைலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள். ஒன்பது ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திட்டிக்கொள்வதை நான் பேச்சுவார்த்தையில் சேர்க்கவில்லை.

ஜூன் 12ஆம் தேதி வாய்க்கால் கரையில் தரை அணில் ஒன்றைப் பார்த்து ஒரு முறை சுட்டுவிட்டுத் தானாகவே நிறுத்திக்கொண்டதாக ராய்ஸ் கூறியிருப்பதையும், அது உண்மையானால் அபராதத்தோடு வீட்டுக்குப் போவார், இரண்டாம் முறை சுட முயன்றிருந்தால் சிறைக்குப் போவார் என்பதையும் துணை ஷெரிஃப் மாரா கெஸ்லர் எனக்கு எடுத்துச் சொன்னார். அதைப் புரிந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

கடந்த பிப்ரவரி மாதம் ராய்ஸ் என் கடைக்கு வந்து, வாய்க்கால் கரையைத் துளைக்கும் தரை அணில்களைச் சுட, சட்டைப் பையில் அடங்கும் சுழல் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றார். அது 'பதினேழு' அளவுத் தோட்டா போடுவதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். பதினேழு என்பது எண்ணிக்கை அல்ல, குண்டின் குறுக்களவு; சோடா பாட்டிலைப் போல உடல் பெருத்துக் கழுத்து ஒடுங்கிய சிறிய தோட்டா. நீளத் துப்பாக்கியில் அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டரை அங்குலக் குழாயில் அதன் வெடிமருந்தில் ஒரு பகுதி வெளியே வந்துதான் எரியும். நான், "கழுத்து ஒடுங்காத நேரான இருபத்திரண்டு அளவு வாங்கிக்கோ ராய்ஸ். இந்தக் குட்டிக் குழாய்ல பதினேழு சத்தத்தையும் நெருப்பையும் குடுக்கும், வேகத்தைக் குடுக்காது" என்றேன். அதற்கு அவர், "ஏன், போன தடவ செத்த அணில் உன்கிட்ட வந்து வேகம் பத்தலைன்னு புகார் குடுத்துச்சா?" என்றார். அதன் பிறகு விற்றேன்.

விற்கும்போது இன்னொன்றும் சொன்னேன். நேரான தோட்டா வெடிக்கையில் அதன் கூடு விரிந்து, தோட்டா இருக்கும் அறையின் சுவரை முழு நீளத்துக்கும் பிடித்துக்கொள்ளும். கழுத்து ஒடுங்கிய கூடு அவ்வளவு உறுதியாகப் பிடிக்காமல் பின்னால் நகரப் பார்க்கும். நகர்ந்தால் பின்சட்டத்தில் இறுகி, ஆறு அறைகளும் உள்ள, சுழல வேண்டிய உருளை சுழலாமல் நின்றுவிடும். நீளத் துப்பாக்கியில் எதுவும் சுழல வேண்டியதில்லை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. எண்ணெய் பட்டால் கூடு இன்னும் எளிதாக வழுக்கும்; ஆகவே அறைகளின் உள்ளே எண்ணெய்ப் பசை இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். ராய்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே "ம்" என்றார். அவர் காதில் விழுந்ததாக என்னால் உறுதி கூற முடியாது. ஞாயிறு தேவாலயம் முடிந்து, சாப்பிட்ட பின் வீட்டிலுள்ள எல்லாத் துப்பாக்கிகளையும் எண்ணெய் போட்டுத் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் செய்யாதவரைப் பற்றி ஊரில் நல்லவிதமாகப் பேச மாட்டார்கள்.

அதன் பிறகு ஏப்ரல் மாதம், தண்ணீர் முறை வைக்கும் கூட்டத்தில் ராய்ஸும் லைலும் நாற்காலிகளைத் தூக்கிய வாரத்தில், ஆர்டிஸ் தனியாகக் கடைக்கு வந்தார். "வெர்லின், ராய்ஸோட புதுத் துப்பாக்கிய நான்தான் துடைக்கிறேன். அதுக்கு என்ன பண்ணக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். ராய்ஸிடம் சொன்னதையே சொன்னேன். அவர் தேவாலயச் செய்தித்தாளின் பின்புறம் குறித்துக்கொண்டார். "ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாக்கூடவா?" என்று கேட்டார். ஒரு சொட்டு இருந்தாலும் பெரும்பாலும் முதல் குண்டோடு இறுகிவிடும் என்றேன். அதன் பிறகு எண்ணெய் வாங்கினார். பெரிய பாட்டில்.

ஜூன் 12ஆம் தேதி வியாழக்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு, பழுது பார்த்த லைலின் இரட்டைக்குழல் துப்பாக்கியை ஒப்படைக்க என் வண்டியில் சென்றேன். அவர் மடையில் இருப்பதாக அவர் வீட்டில் சொன்னதால் அங்கே போனேன். மடைப் பூட்டு உடைந்து கிடந்தது. லைல் மடைச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி வரை தண்ணீர் ராய்ஸின் முறை. ராய்ஸ் எதிர்க்கரையில் நின்று, "என் தண்ணியில கைய வச்சா உன்னக் கரையிலேயே பொதச்சிடுவேன்டா" என்றார். லைல், "பொதைக்கிறதுக்கு முன்னாடி உன் அணில் பொந்தையெல்லாம் அடைடா, பாதித் தண்ணி அங்கதான் போகுது" என்றார்.

அதன் பிறகு ராய்ஸ் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு லைலின் காலருகே இருந்த காப்பிக் குடுவையில் பட்டது. தரை அணில் எதையும் நான் பார்க்கவில்லை. அதன் பிறகு ராய்ஸ் துப்பாக்கியை உயர்த்தி லைலின் மார்புக்கு நேரே பிடித்தார். இடைவெளி பன்னிரண்டு எட்டு இருக்கும். விசையில் இருந்த விரல் வெளுத்ததைப் பார்த்தேன். உருளை சுழலவில்லை. மறுபடி இழுத்தார். இடது கையால் உருளையைத் திருகப் பார்த்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "என்னய்யா வித்திருக்க நீ?" என்று கத்தினார்.

நான், "அறைக்குள்ள எண்ணெய் போட்டியா?" என்றேன்.

"துப்பாக்கின்னா எண்ணெய் போடாம வெண்ணெயா போடுவாங்க?"

என்று அவர் சொன்னதாகத் துணை ஷெரிஃப் முதலில் எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன். ராய்ஸ் சொன்னது, "துப்பாக்கிக்கு எண்ணெய் போடாம ஜாமையா தடவுவாங்க?" என்பதே. நான் நேரான இருபத்திரண்டு வாங்கச் சொன்னதை நினைவூட்டினேன். அவர் துப்பாக்கிப் பத்திரிகையில் வேறு மாதிரிப் போட்டிருந்தது என்றார். பத்திரிகைக்காரன் குட்டிக் குழாயில் சுட்டுப் பார்த்தானா என்று கேட்டேன். இப்படி ஏழெட்டு நிமிடம் வாதம் நடந்தது. இடையில் லைல், "முடிவுக்கு வந்ததும் எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்கய்யா" என்றார். அவர் மடைப்பலகை மேல் உட்கார்ந்திருந்தார். ராய்ஸ் துப்பாக்கியை என்னிடம் காட்டுவதற்காக வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் என் கரைக்கு வந்து, கையில் கொடுத்தார். வாங்கி என் வண்டியில் வைத்துப் பூட்டினேன். லைலின் இரட்டைக்குழலும் அதே வண்டியில் இருந்ததால் அன்று அதை ஒப்படைக்கவில்லை. அதன் பிறகு ஷெரிஃப் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன்.

துணை ஷெரிஃப் முன்னிலையில் பித்தளைக் கம்பியால் தட்டி உருளையைத் திறந்தேன். வெடித்த கூடு ஒன்று, வெடிக்காத தோட்டா ஐந்து. ஆறு அறைகளிலும் எண்ணெய் தடவி இருந்தது.

நேற்று ஆர்டிஸ் தொலைபேசியில் அழைத்தார். "பாத்தத அப்படியே சொல்லுங்க வெர்லின். உள்ள போனா ராய்ஸ் ஒருநாள் வீட்டுக்கு வந்துடுவாரு. அன்னிக்கு அது இன்னொரு தடவ வெடிச்சிருந்தா, லைலும் அவரும் ரெண்டு பேருமே வீட்டுக்கு வந்திருக்க மாட்டாங்க" என்றார். எண்ணெய் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துப்பாக்கியில் குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு: இல்லை. அந்தத் தோட்டாவுக்கு அந்த அளவுத் துப்பாக்கி பொருத்தமில்லை என்பதே என் கருத்து. பராமரிப்பில் குறை உண்டா என்ற கேள்விக்கு: இருபத்தாறு ஆண்டுகளில் இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கப்பட்ட துப்பாக்கி என் கைக்கு வந்ததில்லை.

மேலே கண்டவை நான் நேரில் பார்த்ததும் அறிந்ததும் ஆகும். படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு திருத்தம் சொன்னேன், செய்யப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே உண்மையாக உள்ளன.

(ஒப்பம்) வெர்லின் ஹோக்லண்ட்