கனடா வாசலில் ஒரு கட்சி போர்டு

கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு மிளகு வியாபாரிகள் நின்றிருந்தார்கள். மூத்தவர் சட்டென்று, "குளிருக்கு ஹீட்டர் போட்டாலும் வரியாம் மச்சான், கனடாவுல" என்றார்.

"யாரு சொன்னா?"

"என் மகன்தான். கார்பன் வரின்னு பேராம். அவன் ஓட்டுற லாரிக்கு டீசல் அடிச்சாலும் உண்டாம். கவர்மென்ட்டு பணத்தைத் தண்ணியா இறைக்குது, நாங்க கட்டி அழறோம்னு ஒரே கத்தல். இப்ப எதிர்க்கட்சி போர்டை வீட்டு வாசல்ல நட்டு வெச்சிருக்கான்."

"அல்லா, படச்சோனே! அவனுக்கு இன்னும் அந்த ஊர் குடியுரிமை கிடைக்கலியே?"

"அதான் பயமா இருக்கு. இங்க நம்ம கடை மதில்ல மூணு கட்சிக்காரனுக்கும் எழுத இடம் விடுறோம். எதுக்கு? யாரு கண்ணையும் உறுத்தக் கூடாதுன்னுதானே? போர்டை எடுத்துடுறா, திருப்பி அனுப்பிருவாங்கன்னு கெஞ்சினேன்."

"என்ன சொன்னான்?"

"'பயப்படாதீங்க அத்தா, இங்க யாரும் என்ன வேணா பேசலாம்'னான்."

"அப்ப சரி."

படகு வந்து துறையில் முட்டியது. வரிசை நகர்ந்தது, மூத்தவர் நகரவில்லை.

"அதை ஏன்டா இப்படிக் குசுகுசுன்னு சொல்றேன்னு கேட்டேன் மச்சான். போனை வெச்சுட்டான்."