தகர ஷீட்டுக் கலவரம்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை குறைவு. அதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் நாடகக் குழுவில் சத்தம் போடுகிறவன். தகர ஷீட்டை ஆட்டினால் இடி. பலகையைச் செருப்பால் ஓங்கி அறைந்தால் துப்பாக்கி. காலி டிரம்முக்குள் தலையை விட்டுக் கத்தினால் பெருங்கூட்டம். அரங்கமே நடுங்கும், வீட்டில் மட்டும் நான் செல்லாக்காசு.

தேர்தல் முடிந்து கலவரம் வெடித்தபோது என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டான். அவன் மனைவி நிறைமாதம். நாலு தெரு தள்ளிப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தேன். ஒட்டுக்கேட்பார்கள் என்று சொல்லிப் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவரை எல்லாம் நியாயம்தான், நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

மச்சினன் சட்டம் படித்தவன். "மாமா, மனுஷனுக்கு நடமாடுற சுதந்திரம்னு ஒண்ணு இருக்கு. சாவியக் குடுங்க," என்றான்.

"உசுரு இருந்தாத்தான் மாப்ளே சுதந்திரம். செத்தவனுக்கு எதுக்கு அது?"

கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக என் மனைவி, "அவர் சொல்றதுதாண்டா சரி," என்றாள். அடடா, எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை ஐயா அது! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த வாரமே கலவரம் ஓய்ந்துவிட்டது. கடைகள் திறந்தன. பஸ் ஓடியது, அந்தச் சத்தத்தை ராணுவ லாரி என்று வீட்டில் சொல்லிவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்த் தகரத்தை ஆட்டினேன்.

உண்மையான துப்பாக்கிச் சத்தத்தில் எனக்குத் திருப்தியே இல்லை. நமுத்த பட்டாசு மாதிரி இருந்தது. என்னுடையதில் ஜன்னல் பலகையே அதிரும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கேட்டபோது ஒத்திகை என்றேன். காய்கறி வாங்கப் போனால் டீக்கடையில் ஆற அமர உட்கார்ந்திருந்து, தலையைக் கலைத்து, சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு வீடு திரும்புவேன். மனைவி கட்டிப்பிடித்து அழுவாள்.

என்னைச் சர்வாதிகாரி என்று எழுதிவிடாதீர்கள். மச்சினன் கேட்டதற்காக ஓட்டெடுப்பே நடத்தினேன். திறக்கலாம் என்று அக்காவும் தம்பியுமாக இரண்டு கை, வேண்டாம் என்று என் ஒரு கை. ஜனநாயகத்தில் மறுபரிசீலனைக்கு இடமுண்டு. நிலவரம் பார்த்து வருகிறேன் என்று மாடிக்குப் போய், செருப்புப் பிய்கிறவரை சுட்டேன். இறங்கி வந்து மறுபடி கேட்டபோது, கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கைகளும் என் பக்கம் நீண்டன. அதில் ஒரு கள்ள ஓட்டுக்கூட இல்லை.

ஒருநாள் டீக்கடை வாசலில் மச்சினனின் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். பெண் குழந்தையாம். பெற்றவளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறதாம். கண் திறக்கும்போதெல்லாம் புருஷனைத்தான் கேட்கிறாளாம்.

"எங்க போனான்னே தெரியலங்க," என்றேன். பாவமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுட்டேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள் என்று நேற்று நீங்கள் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான். தையல்காரர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து நீங்கள் போலீஸோடு வந்து கதவை உடைத்ததில்கூட வருத்தமில்லை. பூட்டியது நான், சத்தம் போட்டது நான். எல்லாம் நான்தான்.

மச்சினன் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லையாமே. திறந்திருக்கும் கடைகளைக் காட்டினாலும் நம்பவில்லையாம். குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால், "இந்தக் கலவரத்துல யாரு இதத் தூக்கிட்டு வந்தது?" என்று அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டானாம். என்னை ஒரு நடை அனுப்பிப் பாருங்கள், ஐயா, நான் கூப்பிட்டால் வெளியே வருவான். எங்கள் வீட்டில் இப்போது யாரும் என் சொல்லைத் தட்டுவதில்லை. என்மேல் அவ்வளவு பாசம்.