கண்ணாடியைத் தட்டுறேன்

மத்தியானம் ரெண்டு மணி. சேதராப்பட்டு ரோடு. பேய்க்கு ராத்திரிதான் தோதுன்னு யார் சொன்னது? நம்மூர்ல மத்தியானம் ஷட்டரை இறக்கிட்டு எல்லாரும் தூங்கிடுவாங்க. நீ கத்தினாலும் எட்டிப் பார்க்க ஆள் கிடையாது...

கிட்ட வாங்க. நம்ம கோபிநாத்தோட மாமனார் கோவிந்தராசுக்கு நடந்தது. ரெண்டாயிரத்து நாலு. பொண்ணு கல்யாணத்துக்கு ஏ.சி. காரு தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டார். உப்பளம் ஏரியாவுல ஒண்ணு சல்லிசா வந்துச்சு. சொந்தக்காரர் ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு உள்ளயே தூங்கி, எழுந்திருக்காமப் போன வண்டி. அதைச் சொல்லிச் சொல்லியே செத்தவரோட பொண்டாட்டிகிட்ட விலையை அடிச்சுக் குறைச்சார் நம்ம மாமனார். அந்தம்மா அழுதுக்கிட்டே சாவியைக் கொடுத்துச்சு. "கண்ணாடியை முழுசா ஏத்தாதீங்கண்ணே..."

ஓட்டிப் பார்த்த கோபிநாத் சிரிச்சான். ஏ.சி. போட்டா டொக்... டொக். "மாமா, காரு கேட்டேன், உடுக்கை குடுத்திருக்கீங்க. சத்தம் நின்னாத்தான் தாலி."

அதான் வண்டியை சேதராப்பட்டு ரோட்டுல மெக்கானிக் முருகையனோட ஷெட்டுக்குக் கொண்டு போனார். செத்தவர் கதையைப் பத்தி மாமனார் மூச்சு விடலை. சொன்னா அவன் தொடுவானா?

முருகையன் பெல்ட்டைப் பார்த்தான், ப்ளோயரைக் கழட்டிப் பார்த்தான். ஒண்ணுமில்லை. "கண்ணாடி இறக்குனா நிக்குதுண்ணே. நான் ஏத்திக்கிட்டு உள்ள உக்கார்றேன். நீங்க பானெட்டுல காதை வைங்க. சத்தம் கேட்டா கண்ணாடியைத் தட்டுறேன். கதவை மட்டும் திறந்துடாதீங்க."

கறுப்பு ஃபிலிம் ஒட்டின கண்ணாடி. உள்ளே ஆள் இருக்கிறதே தெரியலை.

டொக். டொக். முருகையன் தட்டுறான்னு மாமனார் குனிஞ்சு தேடுறார். சூடான ரப்பர் வாசனை. அதுக்கு நடுவுல... வாடின மாலை வாசனை.

டொக்டொக்டொக். "வருது முருகையா, வருது! விடாதே!"

அப்புறம் மடமடன்னு அடி. வண்டியே குலுங்குது. மாமனாருக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். இவ்வளவு நல்லா வந்தா பிடிச்சுடலாமே.

நின்னுடுச்சு.

"சரியாயிடுச்சா?" கதவை இழுத்தார். பூட்டவே இல்லை. கதவோட சேர்ந்து முருகையனும் வந்து அவர் கால்ல விழுந்தான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு... உள்ளே ஏ.சி. ஜில்லுனு வீசிக்கிட்டே இருந்துச்சு.

மாரடைப்புன்னு முடிச்சுட்டாங்க. கல்யாணமும் நடந்துச்சு. கோபிநாத் கண்ணாடியை இறக்கியேதான் ஓட்டுறான். போன மழையில ஒரே தடவை ஏத்தினானாம்.

டேஷ்போர்டுக்குள்ளேர்ந்து... டொக்.

உடனே அவன் காதோரம், கண்ணாடியில... டொக், டொக்.

சத்தம் கேட்டா தட்டுறேன்னு சொன்னவனாச்சே முருகையன்.