முன்னுரிமை ஒன்பது

எங்கள் ஆபீஸ் அறையில் ஏசி எப்போதும் கொஞ்சம் அதிகம். பதினான்கு வருஷமாக என் நாற்காலியில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் தொங்குகிறது. விசாரணைக்கு வந்து அறையைச் சோதித்தபோது பார்த்திருப்பீர்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். சின்னவள் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சின்னவள் என்றால் என் தங்கை.

என் வேலை பார்ப்பது. பன்னிரண்டு ஆஸ்பத்திரிகள், பன்னிரண்டு சர்வர்கள், எல்லாவற்றிலும் அதே நோயாளிக் குறிப்புகள். ஓரிடத்தில் எழுதியது மற்ற இடங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அப்படிக் கொண்டு சேர்க்கிற வேலைகள் என் திரையில் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியவர் பெயர், ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு முன்னுரிமை எண். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. பார்ப்பவள் பெயருக்குத் திரையில் இடம் கிடையாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சின்னவளை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மேலாளரிடம் நாலு தடவை நடந்தேன். வந்த இரண்டே வருஷத்தில், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்ற குறிப்புகளை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பும் வேலையை அவள் புதிதாக எழுதினாள். முன்பு ஒரு நாள் பிடித்தது, இப்போது சில நிமிஷம். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். "பெரியவ என்ன பண்றா?" என்று யாரோ கேட்டார்கள். "அவ சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பா" என்றாள் அம்மா. நான் அப்போது உள்ளே அவளுடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் சின்னவளின் வேலையை முன்னுரிமை ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு இறக்கினேன். நிறுத்தவில்லை, அதைக் கவனியுங்கள். ஒன்பதில் இருக்கிற வேலை, பின்னால் வருகிற எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டே ஓரமாக நிற்கும். திரையில் பச்சையாகத்தான் தெரியும். எண்ணை மாற்றியது யார் என்று சிஸ்டம் பதிந்து வைப்பதில்லை. அந்த ஓட்டையைப் பற்றி ஆறு வருஷத்துக்கு முன்பே மேலாளருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. நாலு நாள் தாமதமானால் நாலு பேர் முணுமுணுப்பார்கள், அவளுக்கும் கால் தரையில் படும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். சின்னவள்தான் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனாள், அதுவும் எங்கள் பன்னிரண்டில் ஒன்று. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இறைத்திருக்கிறது. எப்படியோ சமாளித்துவிட்டார்கள். இந்த மருந்து இவருக்கு ஆகாது என்று அந்த டாக்டர் கம்ப்யூட்டரில் குறித்து வைத்தார். குறிப்பு சின்னவளின் வேலையில் வந்து சேர்ந்தது. சேர்ந்து, நின்றது.

வியாழக்கிழமை காலை அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போன் வந்ததும் சின்னவள் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அம்மாவோட ஊசி விஷயம் அங்க போய்ச் சேர்ந்திருக்கும்ல? எதுக்கும் டாக்டருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடவா?"

"பச்சையா ஓடுது பாரு" என்றேன். "நீ எழுதினதுதானே, உனக்கே நம்பிக்கை இல்லையா?"

திரையில் எண் தெரியும் இடத்தில் என் கை இருந்தது. தற்செயலாகத்தான் இருந்தது. அவள் முகம் தெளிந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டாள்கூட. பையை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடிக்கப் போனாள்.

அம்மாவின் குறிப்பு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணை மாற்ற ஒரு விசை போதும். விரலைக்கூட வைத்தேன். ஆனால் குறிப்பு போய்ச் சேர்ந்து அம்மா பிழைத்துவிட்டால், "சின்னவ எழுதினதுதான் என் உயிரைக் காப்பாத்துச்சு" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் அதே வீட்டில் இருந்து அதைக் கேட்க வேண்டும். விரலை எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பத்துக்குச் சின்னவள் போனில் அழுதாள். டாக்டர் திரையைப் பார்த்தாராம், குறிப்பு ஒன்றும் இல்லையாம், அவள் போய்ச் சேர்வதற்குள் அதே ஊசியைப் போட்டாராம். போனை வைத்துவிட்டு எண்ணை மறுபடி ஒன்றாக்கினேன். நாலு நிமிஷத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

மூன்று வாரமாக நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பார்ப்பவளை யார் கேட்கிறார்கள். நேற்றுதான் சின்னவள் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைப் படித்தேன். தன் வேலை சரியாக ஓடவில்லையாம், அம்மாவின் சாவுக்குத் தானே காரணமாம். வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து தேற்றுகிறார்கள். அத்தை அவள் தலையைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்த்து, "அவளுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாள். கொண்டு போய்க் கொடுத்தேன்.

தங்கையைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன். அக்கா இல்லையா. அவள் வேலையில் ஒரு பிழையும் கிடையாது. நடந்தது முழுக்க நான் செய்தது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. அந்தத் தாளில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். பெரியவள் என்று போட வேண்டாம். முழுப்பெயரும் வர வேண்டும்.