ஏழாம் பாடத்தின் வெள்ளக் கோடு

கணினியில் வரைபடம் வரையக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் போதும் ஐயா. நான் எழுதிய பயிற்சிக் கையேட்டை வைத்துக்கொண்டு, இலவச மென்பொருளிலேயே நிறையப் பேர் கற்றுக்கொண்டார்கள். புரியவில்லை என்று எவராவது எழுதினால் அன்றே பதில் போடுவேன். சின்னச் சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.

நகராட்சியின் வெள்ள வரைபடமும் என் பொறுப்பில்தான் இருந்தது. ஆறு பெருகினால் தண்ணீர் எதுவரை வரும் என்று அதில் ஒரு நீலக் கோடு. கோட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாடி கட்ட அனுமதி கிடையாது. வெள்ளம் வருமுன் அந்த வீட்டுக் கைபேசிகளுக்கு மட்டும் எச்சரிக்கை தானாகப் போகும்.

என் தங்கையின் வீடு கோட்டுக்குள் இருந்தது. அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேலே ஓர் அறை எழுப்பாவிட்டால் புதுப்பெண்ணை எங்கே வைப்பது என்று அழுதாள்.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, கூடப் பிறந்தவளுக்கு ஒரு கோட்டைத் தள்ளி வைக்க மாட்டியா அண்ணா? ஆத்தையா தள்ளச் சொல்றேன்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை, வழக்கம்போலப் பிரார்த்தனை செய்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். கோட்டிலிருந்த ஒரு புள்ளியைப் பிடித்து, அவள் வீடு வெளியே வரும்படி இழுத்தேன். பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது. ஏழாம் பாடத்தில் நானே எழுதியிருக்கிறேன்: ஆற்றங்கரைக் கோடு திடீரென்று மடங்கக் கூடாது, இருபுறத்துப் புள்ளிகளையும் நகர்த்திச் சீராக்க வேண்டும். சீராக்கினேன். பக்கத்து வீடுகள் எட்டும் வெளியே வந்துவிட்டன. அவர்களும் மாடி கட்டிக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் அணையைத் திறந்தார்கள். எச்சரிக்கை புறப்பட்டதும் தங்கையைக் கூப்பிட்டு, எல்லோரும் உடனே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். மற்ற எட்டு வீடுகளின் எண்களும் என் திரையிலேயே இருந்தன. வரைபடத்தில் வீட்டைத் தொட்டால் எண் வரும். அப்படி அமைத்தவனே நான்தான். ஆனால் கூப்பிட்டால், எங்களுக்கு ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று கேட்பார்கள். தண்ணீர் தெருவுக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தேன்.

நான்கு பேர் இறந்தார்கள். விசாரிக்க ஆட்கள் வருமுன் புள்ளிகளைப் பழைய இடத்துக்கே நகர்த்தினேன். அதனால், எச்சரிக்கை கிடைத்தும் அவர்கள் கிளம்பவில்லை என்றுதான் அறிக்கை வந்தது.

அந்த எட்டு வீடுகளில் ஒன்று தையல்காரம்மாவுடையது. அவர் கூரைமேல் ஏறித் தப்பினார். நடக்க முடியாத கணவரைத் தூக்க அவரால் முடியவில்லை. நிவாரண முகாமில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெசேஜ் வந்துச்சுன்னு ஆபீசருங்க எல்லாரும் சொல்றாங்க சார். தையல் மெஷின் சத்தத்துல எனக்குக் கேட்கல போலிருக்கு. நான்தான் பார்க்காம விட்டுட்டேன். பார்த்திருந்தா அவரைத் தூக்க நாலு பேரைக் கூப்பிட்டிருப்பேனே.”

“விடுங்கம்மா, யாருக்கும் நடக்கறதுதான்” என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது அவர் எங்கே போனாலும் கைபேசியைக் கையிலேயே பிடித்திருக்கிறார். தைக்கும்போதும் மடியில் வைத்துக்கொண்டு, தையலுக்குத் தையல் அதைப் பார்க்கிறார். அதைக் காணப் பொறுக்காமல்தான் இன்று உங்களிடம் வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். வாக்குமூலத்தை எழுதும்போது, அன்றைக்கு அவருக்கு முதலில் ஆறுதல் சொன்னவன் நான்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.