பரிசுப் பொருட்களைத் தவிர்க்கவும்

பரிசுகளைச் சுற்றித் தரும் மினுமினுப்புக் காகிதத்தைக் கண்டுபிடித்த மகானுபாவர், ஒருநாள்கூட வீடு கூட்டியவராக இருக்க முடியாது. பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் அது கட்டிலுக்கடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இதை நான் சொல்லி ஒத்துக்கொள்ளாத தாய் இதுவரை ஒருத்தியும் இல்லை.

மாமா, நீங்கள் நாற்பது வருடம் நீதிமன்றத்தில் அடுத்தவர் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்க மறுக்கிறது போலிருக்கிறது. "உன் நாத்தனா ஏன் ரெண்டு வருஷமா உங்க வீட்டுப் பக்கமே வர்றதில்லை? வாயால சொன்னா சண்டையாயிடும், எழுதிக் குடும்மா" என்றீர்கள். உங்கள் மருமகனை, அதாவது என் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால் "அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். சொந்தத் தங்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய கடையில், விற்ற பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மேசையில். பிறந்தநாள் பரிசுகள் என்ன கதிக்கு ஆளாகின்றன என்பது என்னைப்போல் வேறு யாருக்கும் தெரியாது. ஒரே குழந்தைக்கு நான்கு தண்ணீர் பாட்டில், மூன்று சுவர்க் கடிகாரம். "யாரோ ஒரு சித்தப்பா குடுத்தார், கலரே சகிக்கலை" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே நீட்டுவார். அந்தச் சித்தப்பாவே வரிசையில் இரண்டு ஆள் தள்ளி, வேறு யாரோ கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். எனவே பரிசுக்குப் பதில் பணம் என்ற யோசனை எனக்கு வந்தது பேராசையால் அல்ல, அனுபவத்தால்.

என் நாத்தனார் திரைச்சீலைக் கடையில் தைக்கிறாள். வெட்டி மிஞ்சும் துணியை முதலாளி அவளுக்கே விட்டுவிடுவார். என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு அந்தத் துண்டுகளில் ஒரு வீடு தைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையின் அளவுக்குத் தைத்தது, மேசைமேல் விரித்தால் நான்கு பக்கமும் தரை வரை தொங்கும். கதவு, திறந்து மூட இரண்டு ஜன்னல், தபால் போட ஒரு பிளவு, கூரையில் ஒரு பூனைகூட இருந்தது. அந்த வருடம் நான் வாங்கியது உட்கார்ந்து ஓட்டும் கார். ஊழியர் சலுகை போக, ஆறு மாதத் தவணை. அத்தை என் மகளை வாலு என்றுதான் கூப்பிடுவாள், அது எங்கள் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. வாலு தன் புதுக் காரை ஓட்டிக்கொண்டு போய், மேசை வீட்டின் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனவள் மூன்று மாதம் வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். நாங்கள் மேலே சாப்பிடுவோம், கீழே குடித்தனம் நடக்கும். ஒருநாள் அவளைச் சாப்பிடக் கூப்பிடக் குனிந்தேன்.

"கதவைத் தட்டணும்மா."

தட்டினேன்.

"யாரு?"

"அம்மாதாண்டி. சாப்பிட வா."

"அத்தை வந்திருக்காங்க. பேசிட்டிருக்கோம். நீங்க அப்புறம் வாங்க."

அத்தை அந்த நேரத்தில் இரண்டு பேருந்து தொலைவில் தன் ஒற்றை அறையில் இருந்தாள். என் மகள் என்னை 'வாங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வலித்தது. பெற்றவள் தட்டிவிட்டு வெளியே நிற்பதும், வராதவள் உள்ளே உட்கார்ந்து பேசுவதும் எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. அந்த வாரமே வீட்டைத் துவைக்கப் போட்டேன். கொதிக்கிற வெந்நீரில். சாயம் ஒன்றோடு ஒன்று கலந்து, சுருங்கி, ஒரு முக்காலிக்குப் போதாமல் போனது. துணி என்றால் துவைக்கத்தானே வேண்டும் மாமா.

ஏழாவது பிறந்தநாளுக்கு முன்பு நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள். "அண்ணி, வாலுவோட கை நீளம் எவ்ளோ? தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும்." சொன்னேன். அவள் கொண்டுவந்த மேல்சட்டையில் பதினொரு பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பொத்தான். கைதான் இரண்டு அங்குலம் குட்டை. "புள்ளைங்க சட்டுனு வளந்துடுது, நான் எப்பவோ அளந்ததைச் சொல்லிட்டேன் போல" என்று அன்று சமாளித்தேன். எழுதிக் கொடுக்கும்போது சரியாக எழுதுவதுதான் முறை. அளந்தது அவள் கூப்பிட்ட அதே காலையில்தான். இரண்டு அங்குலத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

பலன் ஒன்றுமில்லை. மணிக்கட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்க, வாலு அதைப் பள்ளிக்கும் கடைக்கும் பல் மருத்துவரிடமும் போட்டுக்கொண்டு வந்தாள். "கை வெளிய இருந்தாத்தான் பாக்கெட்ல விட வசதி" என்று எனக்கே விளக்கம் சொன்னாள். பல் மருத்துவர் பைகளை எண்ணிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தார்.

எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு நாத்தனார் மறுபடி அளவு கேட்டாள். இந்தத் தடவை முழு உயரம். நான் துல்லியமாக அளந்து, இரண்டு தடவை சொல்லி, அவள் குறித்துக்கொண்டதை உறுதிசெய்துகொண்டேன். அதன் பிறகுதான் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தேன். 'பரிசுப் பொருட்களைத் தவிர்க்கவும். அன்பளிப்பைப் பணமாக உறையிலிட்டு வாசலில் உள்ள பெட்டியில் சேர்க்கலாம். குழந்தையின் எதிர்காலத்துக்காக' என்று கடைசி வரி. எல்லோருக்கும் வாய் நிறையச் சிரிப்பு. பக்கத்து வீட்டு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடை கடையா அலையறதுலேருந்து காப்பாத்திட்டீங்க" என்றார். உங்களுக்கும் அனுப்பியிருந்தேன். நல்ல யோசனை என்று நீங்களே தட்டிக்கொடுத்தீர்கள். அதையும் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாருக்கான அழைப்பிதழ் முந்தைய நாள்தான் போய்ச் சேர்ந்தது. தபால்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

விழாவன்று மாலை அவள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தைத்து முடித்த வேகத்தில் விரலில் பிளாஸ்திரி இருந்தது.

"அண்ணி, கார்டு பார்த்தேன். ஆனா இதை முன்னாடியே தச்சு முடிச்சிட்டேன். இந்த ஒரு வாட்டி…"

"உனக்குன்னா எனக்கு ஆசைதாம்மா. ஆனா ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டுமே."

நான் குரலை உயர்த்தவில்லை. உறை கொண்டுவர மறந்தவர்களுக்கென்று நானே சில வாங்கி வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் கைப்பையைத் துழாவினாள். உறை பெட்டிக்குள் விழும்போது சில்லறைச் சத்தம் கேட்டது. மற்ற உறைகள் எதுவும் சத்தம் போடவில்லை. நிழற்படம் எடுக்கும்வரை இருந்து, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வழக்கமாக அவள் வலப்பக்கம் திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போவாள். அன்று நேராக நடந்தாள். உறையைப் பிரித்தபோதுதான் புரிந்தது, இரண்டு பேருந்துக்கான பணம் அது.

"அத்தை என்ன குடுத்தாங்க?" என்று வாலு வந்து நின்றாள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சில்லறையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுல என்ன வாங்கலாம்?"

"ரெண்டு பென்சில் வாங்கலாம்."

அவள் கையை மூடிக்கொண்டாள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்பதாவது பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் முறையாகப் போனது. நாத்தனார் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். "அத்தை ஏன் வரலை?" என்று வாலு கேட்டபோது, "அவங்ககிட்ட பணம் இல்லம்மா" என்றேன். அது பொய்யில்லை. குழந்தையிடம் நான் பொய் சொல்வதில்லை.

பத்தாவது பிறந்தநாள் போன மாதம் நடந்தது. நாத்தனார் ரோஷக்காரி, கூப்பிட்டும் வருவதில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை அவளுக்கு அழைப்பிதழே போகவில்லை. தன் தங்கைக்கான உறையில் உங்கள் மருமகன் தானே விலாசம் எழுதித் தந்தார். நான் அதைத் தபாலில் சேர்க்கவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் துடைத்து வாசலில் வைக்க எடுத்தேன். யாரும் வருவதற்கு முன்பே உள்ளே ஓர் உறை கிடந்தது. கைச்செலவுக்கு நான் வாரா வாரம் கொடுக்கும் பணத்தை ஒரு வருடம் முழுக்கச் செலவே செய்யாமல் வாலு சேர்த்திருக்கிறாள். உறைமேல் பென்சிலால், கோணல்மாணலாக எழுதியிருந்தாள்: 'இது அத்தையோட பணம். அத்தையை உள்ளே விடவும்.'

இரண்டு பேருந்து மாறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். விழா மாலை ஐந்து மணிக்கு. தொலைபேசி என் இடக்கையில்தான் இருந்தது. நான் உறையை மறுபடி ஒட்டி, எடுத்த இடத்திலேயே போட்டேன். விருந்தினர்கள் வரத் தொடங்கியபோது வாலு கதவோரம் நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னாள். எவ்வளவு பொறுப்பான பெண் என்று எல்லோரும் என்னிடம் வந்து சொன்னார்கள். கேக் வெட்டக் கூப்பிட்டபோது அவள் நகரவில்லை.

"இன்னும் ஒருத்தர் வரணும்மா. அவங்களுக்குப் பணம் கட்டியாச்சு."

முக்கால் மணி நேரம் நின்றாள். பிறகு நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். அந்தப் பணத்தை மறுநாளே அவள் பெயரில் வங்கியில் போட்டுவிட்டேன். மற்றபடி விழாவில் யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை மாமா, விசாரித்துப் பாருங்கள்.