கடுதாசியில் மூச்சு விடும் லொறி

யட்டியாந்தோட்டையில் கேகாலை பஸ் ஏறியதும் முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது: "எங்க லொறி இப்ப கடுதாசியிலதாங்க மூச்சு விடுது."

சொன்னவர் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி டிரைவர். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"அதுல காத்த வடிகட்ட எண்ணெய்ச் சட்டி ஃபில்டர்தானே இருந்துச்சு?"

"ஏத்தத்துல சட்டி எண்ணெய என்ஜினே குடிச்சிருதுங்க. அதான் கராஜ் மெக்கானிக் பாஸ் அதக் கழட்டிட்டு, பழைய பஸ்ஸோட ஃபில்டர்க் கூடு ஒண்ணுல புதுக் கடுதாசி ஃபில்டர மாட்டிட்டாரு."

"நம்ம ரோட்டுத் தூசிக்குக் கடுதாசியா? என்ஜின் போயிருமே!"

"நானும் அதத்தான் கேட்டேன். ஃபில்டரத் தாண்டி வர்ற குழாய்க்குள்ள கிரீஸத் தடவி, ஒரு வாரம் ஓட்டிட்டு வான்னாரு. தூசி நுழைஞ்சா கிரீஸ்ல ஒட்டிக்குமாம்."

"ஒட்டுச்சா?"

"கோயிலுக்குப் போற வழியில கொண்டுபோய்க் காட்டினேன். குழாயக் கழட்டி, விரலால கிரீஸ வழிச்சு, என் வெள்ளச் சட்டையிலயே தேச்சிட்டாருங்க!"

டிரைவர் கையை நீட்டினார். சட்டைக் கையில் எண்ணெய்த் தடம் இருந்தது. அதில் துளி மண் நிறம் இல்லை.

மற்றவர் அதைத் தடவிப் பார்த்தார். "கெட்டிக்காரருதான். அதுக்காக இன்னுமா துவைக்காம இருக்கீங்க?"

"துவைச்சிட்டா, உங்கள மாதிரி கேக்கிறவங்களுக்கு எதங்க காட்டுறது?"